குழந்தைகளோடு குரூஸ் பயணம்: காலை உணவை எங்கே சாப்பிடுவது, இரவு உணவை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி இதுதான். ஏழு இரவு சொகுசுக் கப்பல் பயணம். இரண்டு பெரியவர்கள், 3 வயதிலும் 8 வயதிலும் இரண்டு குழந்தைகள், கூடத் தாத்தா பாட்டி. காலை உணவுக்கு பஃபே (நாமே தட்டில் எடுத்துக்கொள்வது), டைனிங் ரூம் (வெயிட்டர் பரிமாறுவது), ரூம் சர்வீஸ் என்று மூன்று வழி இருக்கிறது, எது நல்லது? இரவுக்கு முதல் பந்தியா, இரண்டாம் பந்தியா? தனியாகக் காசு கொடுத்துச் சாப்பிடும் உணவகங்கள் தேவையா?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். கப்பல் துறைமுகத்தில் நிற்கிற நாளில் காலை உணவு கேபினுக்கு, அதாவது உங்கள் அறைக்கே, வரட்டும். இல்லையென்றால் பஃபே திறந்த உடனே போய்விடுங்கள். நாள் முழுக்கக் கடலில் போகிற நாளில் டைனிங் ரூமில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். இரவுக்கு முதல் பந்தி. காசு கொடுக்கும் உணவகம் ஒரு முறை போதும், அதுவும் பெரியவர்கள் மட்டும் போனால் போதும்.

கப்பலில் உணவுக்குப் பஞ்சமே கிடையாது. பஞ்சமெல்லாம் நேரத்துக்கும் மேசைக்கும்தான். மூவாயிரம், நாலாயிரம் பேர் இருக்கிற கப்பலில் பெரும்பாலானவர்கள் காலையில் ஒரே ஒன்றரை மணி நேரத்துக்குள் சாப்பிட வருகிறார்கள். ஆகவே எந்த இடத்தில் உணவு நன்றாக இருக்கும் என்பதைவிட, எந்த நாளில் எந்த நேரத்தில் எங்கே கூட்டம் சேரும் என்று தெரிந்து வைத்துக்கொள்வதுதான் குழந்தைகளோடு போகிறவர்களுக்குப் பயன்படும். ஒரே பயணத்தில் காலை உணவை ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் சாப்பிட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நாளைப் பார்த்து இடத்தை மாற்றுங்கள்.

துறைமுக நாளின் காலை

கப்பல் காலை 8 மணிக்குத் துறைமுகத்தில் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சுற்றுலாக் குழுக்கள் கூடும் நேரம் பெரும்பாலும் 8.15 முதல் 8.45 வரை இருக்கும். அப்படியானால் 7.00 முதல் 8.15 வரை பஃபேயில் தட்டு வைக்க இடம் இருக்காது. ஆறு பேருக்கு ஒரே மேசை கிடைப்பது சாப்பாடு எடுப்பதைவிடக் கடினம். இந்த நெரிசலில் 3 வயதுக் குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையில் தட்டோடு மேசை தேடுவதுதான் பல குடும்பங்கள் செய்யும் தவறு. முதலில் தாத்தா பாட்டியும் குழந்தைகளும் ஒரு மேசையைப் பிடித்து உட்காரட்டும். பிறகு ஒருவர் குழந்தைகளுக்கும், ஒருவர் பெரியவர்களுக்கும் எடுத்து வரட்டும். தங்களுக்கானதைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம்.

பஃபேக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்திருக்கும். ராயல் கரீபியனில் வின்ட்ஜாமர், நார்வீஜியனில் கார்டன் கஃபே, கார்னிவலில் லிடோ மார்க்கெட்பிளேஸ். பெயர் எதுவானாலும் பல கப்பல்களில் அமைப்பு ஒன்றேதான்: மேல்தளத்தில், கப்பலின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே உணவு வரிசை இரட்டையாக வைக்கப்பட்டிருக்கும். லிஃப்டிலிருந்து இறங்குகிறவர்கள் கண்ணில் படும் முதல் கவுன்டரிலேயே நின்றுவிடுகிறார்கள். எதிர்ப்பக்கமோ, உள்ளே கடைசிவரை நடந்தாலோ, அதே முட்டை, அதே ரொட்டி, பாதிக் கூட்டம். கப்பலின் பின்முனையில் வெளியே மேசைகள் இருந்தால் முதலில் அங்கே பாருங்கள். காற்று அதிகம் இல்லாத நாளில் குழந்தைகளுக்கு அதுவே நல்ல இடம்.

ஆம்லெட் கவுன்டரில் ஒரு சமையல்காரர் ஒரே நேரத்தில் நாலைந்து ஆம்லெட்தான் போட முடியும். வரிசையில் பன்னிரண்டு பேர் நின்றால் பத்து நிமிடத்துக்குமேல் போய்விடும். துறைமுக நாளில் அதை விட்டுவிடுங்கள். கிளறிய முட்டையும் அவித்த முட்டையும் பக்கத்திலேயே காத்திருக்காமல் கிடைக்கும். ஆம்லெட் ஆசையைக் கடல் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கப்பலின் நேரத்தையும் கவனியுங்கள். சில கப்பல்கள் துறைமுகத்தின் உள்ளூர் நேரத்துக்கு மாறாமல் தங்கள் நேரத்திலேயே ஓடும். ஆனால் உங்கள் செல்பேசி கரையின் சிக்னலைப் பிடித்ததும் தானாக மாறிக்கொள்ளும். பஃபே மூடிய பிறகு வந்து நிற்பதும், சுற்றுலாப் பேருந்தைத் தவற விடுவதும் பெரும்பாலும் இப்படித்தான். செல்பேசியில் தானியங்கி நேரத்தை அணைத்துவிடுங்கள், அல்லது ஒருவராவது சாதாரணக் கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள்.

கதவில் மாட்டும் அட்டை

ரூம் சர்வீஸ் காலை உணவு துறைமுக நாளுக்கென்றே செய்தது போன்றது. பல கப்பல்களில் கேபினில் ஒரு நீள அட்டை இருக்கும்; இரவில் நிரப்பி வெளிப்பக்கக் கைப்பிடியில் மாட்ட வேண்டும். பணியாளர்கள் பின்னிரவில் வந்து எடுத்துப் போவார்கள். எத்தனை மணிக்குள் மாட்ட வேண்டும் என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கும். இப்போது பல நிறுவனங்களில் இதையே ஆப்பிலும் செய்யலாம்.

அட்டையை நிரப்புவதில்தான் தவறு நடக்கிறது. பொருளின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள கட்டத்தில் டிக் அடிக்காதீர்கள், எண்ணிக்கையை எழுதுங்கள். டிக் அடித்தால் ஒன்று என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஆறு பேருக்கு ஒரு குவாசான் வரும். சீரியல் கேட்டால் பாலைத் தனியாக எழுதுங்கள், அதுவும் எத்தனை என்று. காபி குவளையிலா, ஃபிளாஸ்க்கிலா என்று இருந்தால் ஃபிளாஸ்க் கேட்டு, கூடுதல் கப் எத்தனை வேண்டும் என்று கீழே குறிப்பு இடத்தில் எழுதுங்கள். இரண்டு கேபினில் இருக்கிறீர்கள் என்றால் ஒரே அட்டையில் எல்லோருக்கும் சேர்த்து எழுதி, எந்த கேபினுக்கு வர வேண்டும் என்பதை மட்டும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். கேபின் எண்ணை மறந்துவிட்டால், அட்டையைச் சேகரித்த பிறகு அது யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

நேரம் அரை மணி நேர இடைவெளிகளாக இருக்கும்: 6.30 முதல் 7.00, 7.00 முதல் 7.30 என்று. துறைமுக நாளில் எல்லோரும் 7.00 முதல் 8.00 வரைதான் கேட்பார்கள். அப்போது தாமதம் சகஜம். நீங்கள் 8.30க்கு இறங்க வேண்டுமானால் 6.30 இடைவெளியைத் தேர்ந்தெடுங்கள். ரொட்டியும் பழமும் அரை மணி காத்திருந்தால் கெட்டுவிடாது, பேருந்து காத்திருக்காது. கொண்டுவருவதற்குச் சில நிமிடம் முன்பு பல கப்பல்களில் தொலைபேசி வரும். தூங்கும் குழந்தை எழுந்துவிடக் கூடாது என்றால் அதையும் குறிப்பில் எழுதலாம்.

இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் சூடில்லாத வகைதான்: ரொட்டி, குவாசான், மஃபின், சீரியல், தயிர், பழம், ஜூஸ், பால், காபி, டீ. முட்டை, சாசேஜ் போன்ற சூடான வகைகளுக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும். ராயல் கரீபியனில் சூடில்லாத காலை உணவு இலவசம்; சூடான வகையைச் சேர்த்தால் ஆர்டருக்கு ஒரு கட்டணம். டிஸ்னியில் ரூம் சர்வீஸ் உணவு பெரும்பாலும் பயணக் கட்டணத்திலேயே அடங்கிவிடும். இலவசமாக இருந்தாலும் கொண்டுவருகிறவருக்குச் சிறிய டிப் கொடுப்பது முறை. ஏறு மாடி, இறங்கு மாடி என்று காலை முழுக்க ஓடுகிற வேலை அது.

கேபின் மேசை சிறியது. ஆறு பேர் உட்கார முடியாது. கட்டில் விரிப்பின்மேல் ஒரு துண்டை விரித்து அதன்மேல் தட்டை வைத்துக் குழந்தைகளுக்கு ஊட்டிவிடலாம், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பால்கனி இருந்தால் பெரியவர்கள் அங்கே.

பஃபேயும் வேண்டாம், கேபினும் வேண்டாம் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதே இல்லை. பெரிய கப்பல்களில் கட்டணத்தில் அடங்கிய சிறிய கடைகள் நடுத்தளங்களில் இருக்கும். ராயல் கரீபியனின் கஃபே ப்ராமனாட், பிரின்சஸின் இன்டர்நேஷனல் கஃபே இரண்டிலும் காலையில் பேஸ்ட்ரி, சிறிய சாண்ட்விச் வகைகள் கிடைக்கும். கார்னிவலின் பல கப்பல்களில் நீச்சல் குளத்தருகே உள்ள புளூஇகுவானா கவுன்டரில் காலையில் முட்டை நிரப்பிய பரிட்டோ (மெக்சிகோ ரொட்டிச் சுருள்) போட்டுத் தருவார்கள். எந்தக் கடை எந்த நாளில் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பதை முந்தைய நாள் இரவே ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். துறைமுக நாளில் சில கடைகள் தாமதமாகத் திறக்கும்.

கடல் நாளின் காலை

கடல் நாளில் எல்லோரும் தாமதமாக எழுவார்கள். 9.00 முதல் 10.30 வரை பஃபே நிரம்பி வழியும். இந்த நேரத்தில் டைனிங் ரூமுக்குப் போங்கள். வெள்ளைத் துணி விரித்த மேசை, எடுத்து வந்து தரும் வெயிட்டர், சொன்ன பிறகு செய்யும் முட்டை. இவையெல்லாம் கட்டணத்திலேயே சேர்ந்தவை. இது தெரியாமலேயே பயணத்தை முடிக்கிற குடும்பங்கள் நிறைய. காலை உணவுக்கு டைனிங் ரூம் பொதுவாக 8 மணியளவில் திறந்து 9.30 அல்லது 10 மணிக்கு மூடிவிடும். கார்னிவலில் கடல் நாளில் இதற்குப் பதிலாக 'சீ டே பிரஞ்ச்' என்று மதியம் வரை நீளும் உணவு உண்டு. தூங்கி எழும் குடும்பத்துக்கு அது வரப்பிரசாதம்.

இரண்டு விஷயத்தை மட்டும் வாசலிலேயே சொல்லுங்கள். ஒன்று, தனி மேசை வேண்டும் என்பது. காலையில் வருகிற வரிசைப்படி வேறு குடும்பங்களோடு சேர்த்து பெரிய மேசையில் உட்கார வைப்பதும் உண்டு. ஆறு பேர் என்றால் தனி மேசை தருவார்கள், ஆனால் கேட்க வேண்டும். இரண்டு, உட்கார்ந்த உடனே குழந்தைகளுக்குப் பழமும் ரொட்டியும் வந்துவிட வேண்டும் என்பது. முழுச் சாப்பாடும் முடிய 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஆகும். 3 வயதுக் குழந்தை பசியோடு அவ்வளவு நேரம் உட்காராது. மெனு கையில் வந்ததும் எல்லோருடைய ஆர்டரையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். ஒவ்வொருவராக யோசித்துச் சொன்னால் சமையலறைக்கு மூன்று தடவை நடப்பார்கள், சாப்பாடும் மூன்று தவணையாக வரும்.

பஃபேயிலேயே சாப்பிட வேண்டும் என்றால் 8 மணிக்கு முன்போ, 10.30க்குப் பிறகோ போங்கள். பிந்திப் போகிறவர்கள் மூடும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. காலை உணவை எடுத்துவிட்டு மதிய உணவு வைக்கும் அரை மணி நேரத்தில் ஒன்றும் கிடைக்காது.

எது இலவசம், எது காசு

தண்ணீர், சாதாரண காபி, டீ, பால், காலை நேர ஜூஸ், சூடான சாக்லேட், மெஷின் ஐஸ்கிரீம் ஆகியவை பெரும்பாலான பெரிய கப்பல்களில் கட்டணத்தில் அடங்கும். உடனே பிழிந்த ஆரஞ்சு ஜூஸ், எஸ்பிரெஸோ வகைக் காபி, குளிர்பானம், பாட்டில் தண்ணீர் இவற்றுக்குத் தனிக் கட்டணம். டிஸ்னியிலோ குளத்தருகேயும் உணவு நேரத்திலும் குளிர்பானம் இலவசம். பஃபேக்குள்ளேயே பிழிந்த ஜூஸ் வண்டி ஒன்று நிற்கும். குழந்தை கையை நீட்டும், பணியாளர் கார்டைக் கேட்பார். கேபின் கார்டிலேயே கணக்கு ஏறுவதால் கடைசி நாள் பில்லில்தான் தெரியும். 8 வயதுக் குழந்தையின் கார்டில் செலவு செய்யும் வசதியை முதல் நாளே கெஸ்ட் சர்வீசஸில் (பயணிகள் உதவி மேசையில்) அடைக்கச் சொல்லிவிடலாம்.

சைவம், அலர்ஜி

சைவ உணவு எல்லாப் பெரிய கப்பல்களிலும் கிடைக்கும், ஆனால் பஃபேயில் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. உருளைக்கிழங்கு வறுவல் பன்றி இறைச்சி போட்ட அதே கல்லில் வந்திருக்கலாம். தக்காளி சாஸில் மிதக்கும் பீன்ஸில் இறைச்சித் துண்டு இருக்கலாம். காய்கறி சூப்புக்குக் கோழி வடிநீர் ஊற்றியிருக்கலாம், சீசர் சாலட்டின் சாஸில் மீன் இருக்கும், தயிர் வகை இனிப்புகளிலும் மூஸிலும் ஜெலட்டின் இருக்கும். கரண்டியும் பெரிய ஆபத்து: பின்னால் வருகிறவர் பக்கத்துத் தட்டின் கரண்டியை எடுத்து உங்கள் தட்டில் போட்டுவிட்டுப் போவார். கடுமையான நிலக்கடலை, பால் அல்லது முட்டை அலர்ஜி உள்ள குழந்தைக்கு இந்தக் காரணத்தாலேயே பஃபே பாதுகாப்பான இடம் அல்ல. டைனிங் ரூமில் தனியாகச் செய்து, தனித் தட்டில் கொண்டுவருவார்கள்.

பயணத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிப்பது அவசியம். நிறுவனத்தைப் பொறுத்து 45 நாளோ 60 நாளோ முன்பு கேட்பார்கள். சில பயணங்களுக்கு 90 நாள். அதோடு வேலை முடிந்துவிடவில்லை. அலுவலகத்துக்குச் சொன்னது சமையலறைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதைக் கப்பலில் ஏறிய நாளே டைனிங் ரூமுக்கு நேரில் போய் ஹெட் வெயிட்டரிடம் உறுதி செய்யுங்கள். அதன்பிறகு ஒவ்வோர் இரவும் அவர் அடுத்த நாள் இரவின் மெனுவைக் கொண்டுவந்து காட்டுவார்; குழந்தைக்கு எது வேண்டும் என்று முந்தைய நாளே சொல்லிவிட்டால் மறுநாள் காத்திருக்க வேண்டியதில்லை, சமையலும் தனியாக நடக்கும். துறைமுக நாளில் கரையில் சாப்பிடும் உணவுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். மருத்துவர் எழுதித் தந்த அட்ரினலின் ஊசி எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். கேபின் பெட்டியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

கைக்குழந்தை இருந்தால்

பல நிறுவனங்கள் 6 மாதம் நிரம்பாத குழந்தையை ஏற்றுவதில்லை. பல நாள் கரை தொடாமல் போகும் பயணங்களுக்கு 12 மாதம். வீட்டில் சமைத்த உணவைக் கப்பலுக்குள் கொண்டுவர அனுமதி கிடையாது. சீல் பிரிக்காத குழந்தை உணவு, பால் பவுடர் கொண்டுவரலாம். கேபினில் மைக்ரோவேவ் இருக்காது. எலெக்ட்ரிக் கெட்டில் தீ அபாயம் கருதித் தடை செய்யப்பட்டது. கொண்டுபோனால் பெட்டிச் சோதனையில் எடுத்துவைத்துக்கொள்வார்கள். வெந்நீருக்குப் பஃபேயில் 24 மணி நேரமும் ஓடும் குழாய் உண்டு. நல்ல ஃபிளாஸ்க் ஒன்று கொண்டுபோங்கள், இரவு படுக்கும் முன் நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

கேபினில் உள்ள சிறிய பெட்டி பல கப்பல்களில் உண்மையான ஃப்ரிட்ஜ் அல்ல. பானத்தைக் குளிர்ச்சியாக வைக்கும் பெட்டி மட்டுமே. பாலையும் மருந்தையும் 5 டிகிரிக்குக் கீழே வைக்க அதை நம்பாதீர்கள். மருந்துக்கென்று கேட்டால் தனி ஃப்ரிட்ஜ் தருவார்கள், முன்பே சொல்ல வேண்டும். டைனிங் ரூமில் வேகவைத்த கேரட், உருளைக்கிழங்கு, பூசணியை உப்பில்லாமல் மசித்துத் தரச் சொன்னால் செய்து தருவார்கள். உயர நாற்காலி பஃபேயிலும் டைனிங் ரூமிலும் இருக்கும். தட்டை வைக்கும் முன் நாற்காலியின் பலகையை நீங்களே ஒரு முறை துடைத்துவிடுங்கள்.

இரவு: முதல் பந்தி ஏன்

டைனிங் ரூமில் இரவுக்கு இரண்டு ஏற்பாடுகள். ஒன்று நேரம் குறித்த பந்தி: முதல் பந்தி 5.30 அல்லது 6 மணிக்கு, இரண்டாம் பந்தி 7.45 முதல் 8.30 வரை. இன்னொன்று, விரும்பிய நேரத்தில் போவது. ராயல் கரீபியனில் மை டைம், கார்னிவலில் யுவர் டைம். நார்வீஜியனிலோ நேரம் குறித்த பந்தியே கிடையாது.

விரும்பிய நேரம் என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஆறு பேருக்கு 7 மணிக்கு மேசை கேட்டால் அரை மணி நேரம் காத்திருக்கலாம். தினமும் வெவ்வேறு வெயிட்டர். சிறு குழந்தைகளுக்கு இது சரிவராது. நேரம் குறித்த பந்தியில் ஏழு இரவும் ஒரே மேசை, ஒரே வெயிட்டர். இரண்டாம் இரவிலிருந்து நீங்கள் உட்காரும் முன்பே குழந்தையின் பாலும், உரித்த பழமும் மேசையில் இருக்கும். பாட்டிக்குக் காரம் ஆகாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். இந்த ஒன்றுக்காகவே குடும்பங்களுக்கு நேரம் குறித்த பந்தியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். டிஸ்னி 1998இல் தன் முதல் கப்பலிலிருந்தே இதை இன்னொரு படி மேலே கொண்டுபோனது: தினம் ஒரு உணவகத்துக்கு நீங்கள் மாறுவீர்கள், உங்கள் வெயிட்டர்களும் கூடவே மாறி வருவார்கள்.

முதல் பந்திக்கு ஒரு குறை உண்டு. கப்பல் துறைமுகத்தை விட்டு 6 மணிக்குத்தான் கிளம்புகிறது என்றால் அடித்துப் பிடித்து ஓடிவர வேண்டும். அந்த இரவு மட்டும் பஃபேக்குப் போங்கள். வரவில்லை என்று முன்பே வெயிட்டரிடம் சொல்லிவிடுவது மரியாதை. குழந்தைகள் 10 வயது தாண்டியவர்கள் என்றாலோ, நீண்ட சுற்றுலாக்கள் அதிகம் என்றாலோ இரண்டாம் பந்தி பொருந்தும்.

இரவு உணவு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஓடும். முதல் இரவே வெயிட்டரிடம் இப்படிச் சொல்லுங்கள்: பெரியவர்களுக்கு முதல் வகை (ஸ்டார்ட்டர்) வரும்போதே குழந்தைகளுக்கு முக்கிய உணவு வர வேண்டும், எங்களுக்கு முக்கிய உணவு வரும்போது அவர்களுக்கு ஐஸ்கிரீம். இதனால் குழந்தைகள் கைகட்டிக் காத்திருக்கும் நேரம் பாதியாகக் குறையும். குழந்தைகள் மெனு என்றால் பாஸ்தா, பீட்சா, கோழி வறுவல் என்று ஏழு நாளும் ஒன்றேதான். பெரியவர்கள் மெனுவிலிருந்தும் அவர்கள் தாராளமாகக் கேட்கலாம். பாதி அளவில் கேட்கலாம். முதல் வகை இரண்டைச் சேர்த்து முழு உணவாகக் கேட்கலாம். புதிதாக ஒன்றைச் சுவைத்துப் பிடிக்கவில்லை என்றால் மாற்றித் தருவார்கள், பெரும்பாலும் கூடுதல் கட்டணம் இல்லை. சாப்பாட்டில் பிடிவாதம் பிடிக்கும் குழந்தையைப் புதுச் சுவைகளுக்குப் பழக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

டிஸ்னியில் இரண்டாம் பந்திக்கு 'டைன் அண்ட் ப்ளே' என்று ஓர் ஏற்பாடு: குழந்தைகளுக்கு முதலில் பரிமாறி, முக்கால் மணி நேரம் கழித்துக் குழந்தைகள் கிளப் (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் விளையாட்டு இடம்) பணியாளர்கள் டைனிங் ரூமுக்கே வந்து அழைத்துப் போவார்கள். குழந்தைகளை முன்பே கிளப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். வேறு சில நிறுவனங்களிலும் இதற்கு ஒப்பான ஏற்பாடு உண்டு, பதிவு செய்யும்போதே விசாரியுங்கள்.

உடை விதி பற்றிக் கவலை வேண்டாம். ஏழு இரவில் ஓரிரண்டு இரவு நன்றாக உடுத்தி வரச் சொல்வார்கள். விருப்பமில்லை என்றால் அந்த இரவு பஃபே.

காசு கொடுக்கும் உணவகம்

ஸ்டேக் ஹவுஸ், இத்தாலிய உணவகம், சூடான கல்லில் கண்முன் சமைக்கும் டெப்பன்யாக்கி என்று பல இருக்கும். டெப்பன்யாக்கி ஒன்றைத் தவிர மற்றவை சிறு குழந்தைகளுக்குப் பொறுமையைச் சோதிக்கும் இடங்கள். இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. ராயல் கரீபியனில் 5 வயது வரை கட்டணம் இல்லை, 6 முதல் 12 வரை குறைந்த கட்டணம். டிஸ்னியின் பாலோ உணவகத்தில் 18 வயதுக்குக் கீழே அனுமதியே இல்லை. மெனு விலையோடு 18 முதல் 20 சதவீதம் சேவைக் கட்டணம் சேரும் என்பதைக் கணக்கில் எடுங்கள்.

பணத்துக்கு ஏற்ற வழி இது: குழந்தைகளை ஆறு மணிக்குச் சாப்பிட வைத்துக் கிளப்பில் விட்டுவிட்டு நாலு பெரியவர்களும் ஓர் இரவு போய் வாருங்கள். முதல் இரவில் கூட்டம் குறைவு. தள்ளுபடியும் பெரும்பாலும் அன்றைக்குத்தான்.

கை கழுவுதல்

கப்பலில் வயிற்றுப்போக்கும் வாந்தியும் பரவுவதற்குப் பெரும்பாலும் காரணம் நோரோவைரஸ். தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்துக்குள் அறிகுறி தெரியும். பஃபே வாசலில் பீய்ச்சுகிற ஆல்கஹால் ஜெல் இந்த வைரஸுக்கு எதிராகச் சரியாக வேலை செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் 20 விநாடியும்தான் வழி. புதிய கப்பல்கள் பலவற்றில் பஃபே வாசலிலேயே கழுவும் தொட்டி வைத்திருக்கிறார்கள். குழந்தைகளைத் தவறாமல் அங்கே நிறுத்துங்கள். பரிமாறும் கரண்டியை எல்லோரும் தொடுவதால், உணவு எடுத்து முடித்து உட்காரும் முன் இன்னொரு முறை கை கழுவுவது இன்னும் நல்லது. குழந்தைக்கு வாந்தி வந்தால் மறைக்காமல் மருத்துவப் பிரிவுக்குச் சொல்லுங்கள். சுத்தம் செய்யத் தனிக்குழு வரும், சாப்பாடு கேபினுக்கு வரும்.

அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அந்நாட்டு நோய்த் தடுப்பு மையமான சிடிசி 1975 முதல் தன் கப்பல் சுகாதாரத் திட்டத்தின்கீழ் முன்னறிவிப்பின்றிச் சோதிக்கிறது. 100க்கு 85ம் அதற்குக் கீழும் எடுத்தால் தோல்வி. மதிப்பெண்ணை எவரும் இணையத்தில் பார்க்கலாம்; பதிவு செய்யும் முன் உங்கள் கப்பலின் பெயரைப் போட்டுப் பாருங்கள். சிடிசி விதிப்படி குளிர்ந்த உணவு 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழும், சூடான உணவு 57 டிகிரிக்கு மேலும் இருக்க வேண்டும். ஆவி பறக்க வேண்டிய உணவு வெதுவெதுப்பாக இருந்தால் எடுக்காதீர்கள், பணியாளரிடம் சொல்லுங்கள்.

முதல் நாளும் கடைசி நாளும்

ஏறுகிற நாள் மதியம் எல்லோரும் பஃபேக்குத்தான் போவார்கள். பல கப்பல்களில் அன்று டைனிங் ரூமும் மதியத்துக்குத் திறந்திருக்கும், யாரும் சொல்ல மாட்டார்கள், ஏறும்போது கேளுங்கள். பெட்டிகள் கேபினுக்கு வர மாலை ஆகலாம், குழந்தையின் உணவும் மருந்தும் கைப்பையில் இருக்கட்டும். சாப்பிட்ட கையோடு டைனிங் ரூமுக்குப் போய் உங்கள் மேசை எங்கே என்று பார்த்துவிடுங்கள். மேசை ஒதுக்கீட்டை மாற்ற வேண்டும் என்றால் அன்று மதியமே ஹெட் வெயிட்டரிடம் சொன்னால்தான் நடக்கும்.

இறங்குகிற நாள் காலை ரூம் சர்வீஸ் பெரும்பாலும் கிடையாது. டைனிங் ரூமும் பஃபேயும் வழக்கத்தைவிட முன்பே திறந்து, 8 அல்லது 8.30க்குள் மூடிவிடும், கேபினையும் ஏறக்குறைய அதே நேரத்தில் காலி செய்யச் சொல்வார்கள். 6.30க்கே போய்விடுங்கள். முந்தைய இரவே பெரிய பெட்டிகளைக் கேபினுக்கு வெளியே வைத்துவிட வேண்டும் என்பதால், காலையில் குழந்தைக்குத் தேவையான பால் பவுடர், ஒரு செட் துணி, மருந்து எல்லாம் கையோடு. பஃபேயிலிருந்து வாழைப்பழம், அவித்த முட்டை, இறைச்சி சாண்ட்விச் எதையும் பையில் போட்டுக்கொண்டு கரை இறங்காதீர்கள்; அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதற்கு அபராதம் உண்டு, சாதாரணத் துறைமுக நாட்களிலும் இதே விதிதான். வழியில் குழந்தைக்குப் பசிக்கும் என்றால் சீல் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் இரண்டு போதும். அதையும் சுங்கப் படிவத்தில் கேட்டால் மறைக்காமல் குறிப்பிடுங்கள்.